உங்கள் பைல், அடுத்தவர் பெயரில்!

லினக்ஸில் பைலின் உரிமையாளர் யார், அனுமதி யாருக்கு? குழப்பமும் தீர்வும்

ஆம்பூரில் என் மாமா சிறிய அளவில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் யூனிட் வைத்திருக்கிறார். பெரிய கம்பெனிகளிடமிருந்து தோல் வாங்கி, தைத்துத் திருப்பிக் கொடுக்கும் ஜாப் ஒர்க். ஒரு சனிக்கிழமை இரவு அவரிடமிருந்து போன். குரலில் கோபம்.

"மாப்ளே, கணக்கு எழுத ஒரு பையனை வெச்சேன் இல்ல? அவன் வேலைக்கு வந்தே ரெண்டு மாசம்தான் ஆவுது. போன வருசக் கணக்கு எல்லாம் எப்படிப்பா அவன் பேருல கீது? எனக்குத் திறக்கவே மாட்டேங்குது. அவனுக்குத் திறக்குது!"

பக்கத்தில் அந்தப் பையன், "நான் எதையும் தொடவே இல்லை சார்" என்று சொல்வது போனில் கேட்டது. காலையில் நான் ஆம்பூர் போய்ச் சேராமல் இருந்திருந்தால் அவன் வேலை போயிருக்கும். அவன் சொன்னது முழு உண்மை. மாமா கண்ணால் பார்த்ததும் உண்மைதான். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? லினக்ஸ் உள்ளிட்ட யூனிக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டங்கள் பைல்களின் உரிமையை எப்படி எழுதி வைக்கின்றன என்று தெரிந்தால், உங்களுக்கே விடை கிடைத்துவிடும். வாருங்கள், பார்ப்போம்.

நடந்தது என்ன?

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம் பலருக்கும் நினைவிருக்கும். அந்த லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ் லினக்ஸ் நம் நாட்டின் சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் லினக்ஸின் முகத்தை முதலில் பார்த்தது அதில்தான்.

என் மாமா மகளும் பிளஸ் டூ படிக்கும்போது அப்படி ஒரு லேப்டாப் வாங்கினாள். அவள் கல்லூரி முடித்ததும் அது யூனிட்டுக்கு வந்தது. நான்தான் அதில் பாஸ் லினக்ஸின் புதிய பதிப்பைப் போட்டேன். முதல் யூசராக மாமா மகளையும், இரண்டாவது யூசராக மாமாவையும் சேர்த்தேன். கணக்கை வேறு யாரும் பார்க்கக் கூடாது என்று மாமா சொன்னதால், அவருடைய போல்டரை அவர் மட்டும் திறக்கும்படி செய்தேன்.

பல ஆண்டுகள் உழைத்த அந்த லேப்டாப்புக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, மாமா புதிய டெஸ்க்டாப் வாங்கினார். அதில் உபுண்டு லினக்ஸ். முதல் யூசர் மாமா, இரண்டாவது யூசர் கணக்கு எழுதும் பையன். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு, புதிய கம்ப்யூட்டரில் செருகினார்கள். மாமா தன் பழைய போல்டரைக் கிளிக் செய்தார். அனுமதி இல்லை என்று செய்தி வந்தது. ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், பெர்மிஷன்ஸ் என்று போய்ப் பார்த்தார். உரிமையாளர் என்ற இடத்தில் பையனின் பெயர்! பையனை லாகின் செய்யச் சொல்லி டிஸ்க்கைச் செருகினார். எல்லாக் கணக்கும் திறந்தது.

கோபம் வருமா, வராதா?

பெயர் அல்ல, எண்

காரணம் மிகச் சிறியது. லினக்ஸ் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பைலுக்கு உரிமையாளராக எழுதி வைப்பது உங்கள் பெயரை அல்ல. ஓர் எண்ணை மட்டுமே. இதற்கு யூசர் ஐடி என்று பெயர். டெபியன், உபுண்டு போன்றவற்றில் நீங்கள் உருவாக்கும் முதல் யூசருக்கு 1000, இரண்டாவது யூசருக்கு 1001 என்று எண் வழங்கப்படும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனித்தனியாக இருக்கும். பைலின் விவரத்தைக் கேட்கும்போது, கம்ப்யூட்டர் தன்னிடமுள்ள பட்டியலைப் பார்த்து எண்ணுக்குரிய பெயரைக் காட்டுகிறது.

எங்கள் தோல் பூமியிலேயே இதற்கு உதாரணம் சொல்லலாம். வேறொரு வியாபாரியின் தோலைக் கூலிக்குப் பதனிட்டுக் கொடுக்கும் டேனரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புத் தொட்டியில் மை நிற்காது. எனவே தோலின் ஓரத்தில் 7 என்று குறி குத்தி, 7-ம் எண் யாருடையது என்பதை நோட்டில் எழுதி வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே தோலை வாணியம்பாடியில் இருக்கும் இன்னொரு டேனரிக்கு ஏற்றிப்போனால் என்ன ஆகும்? அங்கே உள்ள நோட்டில் 7-ம் எண் வேறொரு வியாபாரி. தோல் அதேதான், குறியும் அதேதான். நோட்டு மட்டும் வேறு. தோல் அடுத்தவர் பெயருக்குப் போய்விட்டது!

மாமாவின் கதையும் இதுதான். பழைய லேப்டாப்பில் 1000 மாமா மகள், 1001 மாமா. புதிய கம்ப்யூட்டரில் 1000 மாமா, 1001 பையன். டிஸ்க்கில் 1001 என்று இருந்த கணக்குகளைப் புதிய கம்ப்யூட்டர் பையனுடையவை என்று படித்தது. யாரும் எதையும் மாற்றவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மகளின் போல்டர் 1000. எனவே அது மாமாவுக்குத் தாராளமாகத் திறந்தது. இதை போனில் சொன்னதும் மாமா மகள் பதறிப்போய், "ஐயோ, என் டைரி எல்லாம் அதில இருக்கே!" என்றாள்.

எல்லா லினக்ஸ்களும் 1000-ல் தொடங்கியதில்லை என்பதையும் கவனியுங்கள். ரெட்ஹாட் லினக்ஸின் பழைய பதிப்புகளில் முதல் யூசரின் எண் 500. ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் 501. அத்தகைய டிஸ்க்கை உங்கள் கம்ப்யூட்டரில் செருகினால், அந்த எண்ணுக்குப் பெயர் எதுவும் பட்டியலில் இல்லாததால், உரிமையாளர் இடத்தில் வெறும் எண் மட்டும் தெரியலாம். பயப்பட வேண்டாம், வைரஸ் அல்ல!

மூன்று பேர், மூன்று அனுமதிகள்

யூனிக்ஸ் 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோரால் தொடங்கப்பட்டது. ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பகிர்ந்துகொண்ட காலம் அது. எனவே யாருடைய பைல் எது என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழுந்தது. 1971-ல் வந்த முதல் கையேட்டிலேயே அனுமதியை மாற்றும் கட்டளையும், உரிமையாளரை மாற்றும் கட்டளையும் உண்டு. அப்போது உரிமையாளர், மற்றவர் என இரண்டே பிரிவு. குரூப் என்ற மூன்றாவது பிரிவு பிறகு வந்தது.

இன்று ஒவ்வொரு பைலுக்கும் உரிமையாளர், குரூப், மற்றவர்கள் என மூன்று பிரிவினர். ஒவ்வொரு பிரிவினருக்கும் படிக்க, எழுத, இயக்க என மூன்று அனுமதிகள். இவற்றின் மதிப்புகள்: படிக்க 4, எழுத 2, இயக்க 1. இவற்றைக் கூட்டினால் ஒரு பிரிவினரின் அனுமதி கிடைக்கும். 644 என்றால் உரிமையாளர் படிக்கவும் எழுதவும் செய்யலாம் (4+2), குரூப்பும் மற்றவர்களும் படிக்க மட்டும் செய்யலாம். 600 என்றால் உரிமையாளர் தவிர வேறு யாருக்கும் எந்த அனுமதியும் இல்லை. மாமாவின் போல்டருக்கு நான் கொடுத்திருந்தது 700.

புதியவர்களைக் குழப்பும் நான்கு விஷயங்கள்

1. படிக்க மட்டுமே அனுமதி உள்ள பைலையும் அழிக்க முடியும்! ஒரு பைலை எழுத முடியாதபடி செய்துவிட்டால் அதை யாரும் அழிக்க முடியாது என்று பலரும் நினைக்கிறார்கள். தவறு. அழிப்பது என்பது போல்டரின் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிப்பது. எனவே அதற்கு வேண்டியது போல்டரில் எழுதும் அனுமதி, பைலில் அல்ல. வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு போல்டர் வைத்து 777 கொடுத்திருந்தால், உங்கள் பைலை வேறு யார் வேண்டுமானாலும் அழித்துவிடலாம். இதைத் தடுக்க ஸ்டிக்கி பிட் என்ற வசதி உண்டு. 777-க்கு முன்னால் 1 சேர்த்து 1777 என்று கொடுத்தால், போல்டரில் எல்லோரும் பைல் போடலாம். ஆனால் அடுத்தவர் போட்டதை அழிக்க முடியாது. லினக்ஸின் தற்காலிக பைல்களுக்கான போல்டர் இப்படித்தான் இயங்குகிறது.

2. போல்டருக்கு இயக்கும் அனுமதி எதற்கு? போல்டரை எப்படி இயக்குவது என்று கேட்கலாம். போல்டரைப் பொறுத்தவரை இது உள்ளே நுழையும் அனுமதி. படிக்கும் அனுமதி மட்டும் இருந்தால் உள்ளே உள்ள பைல்களின் பெயர்களைப் பார்க்கலாம், ஆனால் திறக்க முடியாது. நுழையும் அனுமதி மட்டும் இருந்தால் பெயர்ப் பட்டியல் தெரியாது. ஆனால் பைலின் பெயர் உங்களுக்குத் தெரிந்து, அந்த பைலிலும் அனுமதி இருந்தால் திறந்துவிடலாம்.

3. உரிமையாளருக்கே அனுமதி இல்லாமல் போகலாம். நீங்கள் உரிமையாளரா என்று லினக்ஸ் முதலில் பார்க்கும். ஆம் என்றால் உரிமையாளருக்குரிய அனுமதியோடு நிறுத்திக்கொள்ளும். குரூப், மற்றவர் வரிசைக்குப் போகாது. எனவே 044 என்று அனுமதி உள்ள பைலை ஊரே படிக்கலாம், உரிமையாளர் மட்டும் படிக்க முடியாது! ஆனாலும் அவர் அனுமதியை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் ஆபத்து ஒன்றும் இல்லை.

4. உங்கள் பைலை நீங்களே தானம் செய்ய முடியாது. லினக்ஸில் ஒரு பைலின் உரிமையாளரை மாற்ற, சிஸ்டம் நிர்வாகியான ரூட் யூசரால் மட்டுமே முடியும். "என் பைலை நான் கொடுக்கிறேன், உனக்கென்ன?" என்று கேட்டாலும் லினக்ஸ் ஒப்புக்கொள்ளாது. பல பேர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு இடம் என்று அளவு வைத்திருப்பார்கள். தன் பைல்களை அடுத்தவர் பெயருக்கு மாற்றி, அவர் கணக்கில் இடத்தை நிரப்பிவிடக் கூடாது அல்லவா?

எப்படிச் சரிசெய்தேன்?

இனி செய்முறை. கட்டளைகளைத் தமிழில் உச்சரிப்புப்படி கொடுத்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்யுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, பெயரை நம்பாமல் எண்ணைப் பார்ப்பது. பழைய டிஸ்க்கில் எல்லா யூசர்களின் போல்டர்களும் இருக்கும் ஹோம் போல்டரில் டெர்மினலைத் திறந்து, எல்-எஸ் என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, மைனஸ் குறியுடன் எல்-என் என்று சேர்த்து எண்டர் தட்டுங்கள். பெயர்களுக்குப் பதில் எண்களே தெரியும். மாமாவின் போல்டருக்கு நேராக 1001 என்று இருந்தது. அடுத்து, மாமாவின் லாகினில் ஐ-டி என்று டைப் செய்து எண்டர் தட்டினேன். 1000 என்று வந்தது. கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. பையனையும் மாமாவையும் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு எண்களையும் காட்டினேன்.

இரண்டாவது வேலை, நகல் எடுப்பது. மூலத்தில் கை வைக்கக் கூடாது என்பது கணக்கிலும் சரி, கம்ப்யூட்டரிலும் சரி, நல்ல வழக்கம். போல்டர் 700 என்பதால் மாமாவின் லாகினில் சாதாரணமாக நகலெடுக்க முடியாது. எனவே ரூட் அதிகாரத்தைத் தற்காலிகமாகத் தரும் சூடோ கட்டளையை முன்னால் போட்டு, சி-பி என்ற நகல் கட்டளையை மைனஸ் ஏ என்ற குறிப்புடன் கொடுத்தேன். இந்தக் குறிப்பைச் சேர்த்தால் பைல்களின் தேதிகள் மாறாமல் அப்படியே வரும். கணக்கு பைல்களுக்குத் தேதி முக்கியம். எண் 1001-ம் அப்படியே வரும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது வேலை, நகலின் உரிமையாளரை மாற்றுவது. இதற்கான கட்டளை சி-எச்-ஓ-டபிள்யூ-என். சிஎச் ஓன் என்று சொல்வார்கள். சூடோ, சிஎச் ஓன், மைனஸ் குறியுடன் பெரிய எழுத்து ஆர், 1000:1000, நகல் போல்டரின் பெயர் என்ற வரிசையில், இடையிடையே இடைவெளி விட்டு டைப் செய்து எண்டர் தட்டினேன். பெரிய எழுத்து ஆர் என்பது உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து என்று பொருள். முதல் 1000 உரிமையாளர், இரண்டாவது 1000 குரூப்.

அவ்வளவுதான். மாமா கிளிக் செய்தார். ஜாப் ஒர்க் பில்கள், கூலிக் கணக்கு, எல்லாம் திறந்தன. ஒவ்வொன்றும் பழைய தேதியோடு. மாமா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பையனிடம், "போய் மூணு டீ சொல்லுப்பா, உனக்கும் சேர்த்து" என்றார். எங்கள் ஊரில் அது மன்னிப்புதான்.

777 வைத்தியம் வேண்டவே வேண்டாம்

அனுமதி இல்லை என்று செய்தி வந்ததும், "எல்லாவற்றுக்கும் 777 போடு, சரியாகிவிடும்" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அனுமதியை மாற்றும் கட்டளை சி-எச்-எம்-ஓ-டி, அதாவது சிஎச் மாட். இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் நானும் இதைச் செய்தேன். என் போல்டர் ஒன்றுக்கு 777 கொடுக்கப்போய், முதலில் வரும் ஸ்லாஷ் குறிக்குப் பிறகு தெரியாமல் ஓர் இடைவெளி விட்டுவிட்டேன். தனி ஸ்லாஷ் என்றால் முழு சிஸ்டம்! சூடோ சேர்த்திருந்ததால் லினக்ஸ் கேள்வி கேட்காமல் எல்லா பைலுக்கும் 777 போட்டுவிட்டது.

அடுத்த நிமிடமே சூடோ வேலை செய்யவில்லை. ஏன்? சூடோ போன்ற சில புரோகிராம்களில் செட்யூஐடி என்ற தனிக்குறி இருக்கும். யார் இயக்கினாலும் அந்த புரோகிராம் தன் உரிமையாளரான ரூட்டின் அதிகாரத்தில் இயங்கும். சாதாரண யூசராகிய நீங்கள் உங்கள் பாஸ்வேர்டை மாற்ற முடிவதும் இந்தக் குறியால்தான். டென்னிஸ் ரிச்சியின் இந்த யோசனைக்கு 1979-ல் அமெரிக்காவில் காப்புரிமையே வழங்கப்பட்டது. 777 போட்டதும் பைல்களில் இருந்த அந்தக் குறி அழிந்துவிட்டது. தவறைத் திருத்தவும் சூடோ வேண்டும், சூடோவே இல்லை. லினக்ஸை முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று.

மாமா வீட்டிலும் 777 போட்டிருந்தால் கணக்கு திறந்திருக்கும். ஆனால் உரிமையாளர் இடத்தில் பையனின் பெயர் அப்படியே இருந்திருக்கும். சந்தேகமும் அப்படியே இருந்திருக்கும்.

விண்டோஸில், போனில், பென் டிரைவில்

விண்டோஸிலும் இதே சங்கதி உண்டு. அங்கே எஸ்ஐடி என்ற நீளமான எண். பழைய டிஸ்க்கைப் புதிய கம்ப்யூட்டரில் செருகி செக்யூரிட்டி பகுதியைப் பார்த்தால், பெயருக்குப் பதில் நீண்ட எண்ணோடு "தெரியாத அக்கவுண்ட்" என்று வருவது இதனால்தான். ஆனால் இந்த எண் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறும் என்பதால், பைல் அடுத்தவர் பெயருக்குத் தாவும் குழப்பம் பொதுவாக வராது.

உங்கள் ஆண்ட்ராய்ட் போனுக்குள்ளும் லினக்ஸ்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஆப்புக்கும் 10000-க்கு மேல் ஒரு தனி யூசர் எண் கொடுக்கப்படுகிறது. ஒரு ஆப் இன்னொரு ஆப்பின் சொந்த பைல்களை எட்டிப் பார்க்காமல் தடுப்பதில் நாம் பார்த்த இதே பழைய முறைக்கும் பங்கு உண்டு.

பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் பேட்32, எக்ஸ்பேட் முறைகளில் உரிமையாளரை எழுதி வைக்கவே இடம் இல்லை. செருகியவர் யாரோ, அவரே எல்லாவற்றுக்கும் உரிமையாளராகத் தெரிவார். எனவே அனுமதிகளோடு சேர்த்து பேக்கப் எடுக்க வேண்டுமானால், முதலில் டார் முறையில் ஒரே பைலாகக் கட்டி, பிறகு பென் டிரைவில் போடுங்கள்.

கடைசியாக, முக்கியமாக

மாமாவின் கணக்கை யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் 700 போட்டேன். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் செருகியதும் அது பையனுக்குத் திறந்துவிட்டது. பையன் நல்லவன். டிஸ்க் வேறு யாரிடமாவது போயிருந்தால்? தன் கம்ப்யூட்டரில் ரூட் அதிகாரம் உள்ள எவரும் அதைத் திறந்திருக்கலாம். பெர்மிஷன் என்பது அந்த வீட்டுக்குள் உள்ளவர்களுக்குப் போட்ட ஒழுங்கு. டிஸ்க்கே வீட்டை விட்டு வெளியே போனால் அது காவல் காக்காது. காவல் வேண்டுமானால் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்ய வேண்டும். உபுண்டு போடும்போதே அதற்கான வசதி கேட்கப்படும். அந்த பாஸ்வேர்டை மறந்தால் உங்களாலும் திறக்க முடியாது, ஜாக்கிரதை.

பழைய லேப்டாப்பையோ டிஸ்க்கையோ யாருக்காவது கொடுக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பைல் திறக்க மறுத்தால், அல்லது அதன் மேல் யாருடைய பெயராவது தெரிந்தால், அவசரப்பட்டு 777-க்கும் போக வேண்டாம், ஆள் மேல் பழியும் போட வேண்டாம். முதலில் எண்ணைப் பாருங்கள். அது எந்தக் கம்ப்யூட்டரில் யாருக்குக் கொடுத்த எண் என்று கேளுங்கள்.

அந்தப் பையன் இன்றும் மாமாவின் யூனிட்டில்தான் கணக்கு எழுதுகிறான். இப்போது புது டிஸ்க் எது வந்தாலும் முதலில் எண்ணைப் பார்ப்பது அவன்தான்.